மணமும் வேண்டும், இலையும் நிற்க வேண்டும்: அப்படி ஒரு ரோஜா உண்டா?

கேள்வி, பிப்ரவரி 9

மணக்கிற ரோஜா வைத்தால் கரும்புள்ளி நோய் வந்து வெறும் குச்சியாக நிற்கிறது. நோய் வராத ரகம் என்று வாங்கி வைத்தால் பூவில் மூக்கைப் புதைத்தாலும் ஒரு வாசனையும் இல்லை. மணத்துக்குச் சத்தைச் செலவழிக்கிற செடிக்கு நோயை எதிர்க்கத் தெம்பு இருக்காது, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்கிறார் ரோஜா வளர்க்கும் உறவினர். உண்மையா? மருந்தடிக்காமல் இரண்டும் கிடைக்க வழி உண்டா?

பிப்ரவரி 9

உண்டு. உறவினர் சொல்வது சரியில்லை. 'ஹன்சா' என்று ஒரு ரகம், ருகோசா என்ற காட்டு ரோஜாவின் வம்சம், 1905இல் வந்தது. கிராம்பு கலந்த நல்ல மணம். இலையில் புள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

மணமும் ஆரோக்கியமும் ஏன் பிரிந்தன என்று பார்த்தால் உறவினரின் கணக்கு எங்கே பிசகுகிறது என்பது தெரியும்.

1867இல் 'லா பிரான்ஸ்' வந்தது; கலப்பினத் தேயிலை ரோஜா வரிசைக்கு அதைத்தான் முதல் என்பார்கள். அதற்கு நல்ல மணம். அப்போது திரும்பத் திரும்பப் பூக்கும் தோட்ட ரோஜாக்களில் பளிச்சென்ற மஞ்சள் கிடையாது. பெர்னே-டூஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரசீக மஞ்சள் ரோஜாவை (ரோசா ஃபோடிடாவின் அடுக்கு வடிவம்) கலந்து 1900இல் 'சோலை டோர்' கொண்டுவந்தார். உலகமே மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் பைத்தியம் பிடித்து அலைந்தது. அந்தப் பாரசீகச் செடி வறண்ட மேற்காசியாவிலிருந்து வந்தது, கரும்புள்ளிக்கு எதிராக அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நிறத்தோடு சேர்ந்து அந்தப் பலவீனமும் வம்சத்தில் இறங்கியது என்பதுதான் ரோஜாக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வரலாறு.

அதற்குமேல் நடந்ததுதான் பெரிய சேதம். பூஞ்சைமருந்துகள் மலிவாக வந்ததும் நாற்றுப் பண்ணைகள் கால அட்டவணை போட்டு அடிக்க ஆரம்பித்தன. மருந்தடித்த வயலில் நோஞ்சான் செடியும் பளபளவென்றுதான் நிற்கும். எதை ஒதுக்குவது என்று யாருக்கும் தெரியாது. போட்டிகளில் மொட்டின் வடிவத்துக்குத்தான் மதிப்பெண். வெட்டுப்பூ வியாபாரத்துக்கு நாலு நாள் பெட்டியில் கிடந்தாலும் வாடாத தடித்த இதழ் வேண்டும். இலையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மணத்தைப் பற்றியும்தான்.

பிறகு வண்டி எதிர்ப்பக்கம் ஓடியது. வில்லியம் ராட்லர் என்ற அமெரிக்கர் கரும்புள்ளி பிடித்த இலைகளைச் சேர்த்து, காயவைத்து, பொடியாக்கி, தன் நாற்றுகள்மேல் தூவி மேலே தண்ணீரும் தெளித்தார். பிழைத்ததை வைத்துக்கொண்டார். 2000இல் 'நாக் அவுட்' சந்தைக்கு வந்தது இப்படித்தான். அவர் இலையைத் தேடினார், கிடைத்தது. மணத்தைத் தேடியிருந்தால் அதையும் வைத்துத்தான் வடிகட்டியிருப்பார். ஊர் முழுக்க 'நாக் அவுட்' நட்டவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, நோய் வராத ரோஜா என்றாலே மணக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிப்ரவரி 11

"தேடவில்லை என்பதற்காக மணம் தானாகவா தொலைந்துபோகும்?" என்று கீழே ஒருவர் மடக்கியிருக்கிறார். தொலையும், ரொம்ப எளிதாக.

'பாப்பா மெய்யான்' (1963) அடர் சிவப்பு, மணத்துக்குப் பேர்போனது. 'ரூஜ் மெய்யான்' அதே பண்ணை வம்சம், மணம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வு 2015இல் வெளியானது. ரோஜாவின் மணத்தில் முக்கியமான ஜெரானியோல் உருவாக நுடிக்ஸ் வகை நொதி ஒன்று வேலை செய்கிறது. மணமில்லாத செடியில் அந்த மரபணு ஏறக்குறைய தூங்குகிறது. மணம் நிற்பதும் போவதும் இந்த அளவுக்குச் சின்ன விஷயத்தில் இருக்கிறது. யாரும் முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில தலைமுறையில் காணாமல் போய்விடும். செடியின் தெம்பைத் தின்கிற பெரிய செலவு என்று இதைச் சொல்ல முடியாது.

'பாப்பா மெய்யா'னுக்குச் சாம்பல் நோய் (வெள்ளைப் பொடி பூசின மாதிரி வரும்) பிடிக்கும் என்பது உண்மை. அதைக் காட்டி உறவினர் வாதாடினால், மணமே இல்லாமல் சாம்பல் நோயில் கிடக்கிற ரகங்களையும் காட்டச் சொல்லுங்கள். வரிசை நீளம்.

பிப்ரவரி 19

திசை மாறுகிறது, மன்னிக்கவும். 'ஜூலியா சைல்டு' என்ற ரோஜாவுக்கு மணம் இல்லை என்று ஒருவரும், சோம்பு மாதிரி தூக்கியடிக்கிறது என்று இன்னொருவரும் அடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். இருவரும் உண்மை சொல்லலாம். ரோஜா மணத்தின் கூறுகளில் பீட்டா-அயனோன் என்று ஒன்று உண்டு, ஊதா மலர் வாசனை. அதை முகரும் திறன் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறுகிறது. சிலருக்கு நல்ல வாசனை, சிலருக்குப் புளிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் மதிப்புரை படித்து மணமுள்ள ரோஜா வாங்குவது அடுத்தவர் மூக்கை இரவல் வாங்குவதுதான். உங்கள் மூக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.

போகிற நேரமும் முக்கியம். பாதிக்கு மேல் விரிந்த பூ, காற்றில்லாத இளவெயில் காலை. எண்ணெய் எடுக்கும் டமாஸ்க் ரோஜாவை விடியலிலேயே பறித்துவிடுவதும் இதனால்தான். உச்சி வெயிலில் முகர்ந்துவிட்டு மணமில்லை என்று தள்ளிய செடிகள் எத்தனையோ.

மார்ச் 2

நோய் பக்கம் வருவோம். எல்லாவற்றுக்கும் 'பூஞ்சை' என்று ஒரே பேர் வைத்து ஒரே மருந்து கேட்பதால்தான் குழப்பம். கரும்புள்ளியும் சாம்பல் நோயும் கிட்டத்தட்ட நேரெதிர்க் குணம்.

கரும்புள்ளி (டிப்லோகார்பன் ரோசே) தண்ணீர்ப் பூஞ்சை. உதிர்ந்த இலையிலும் தண்டிலும் தங்கியிருக்கும், மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறும். இலை விடாமல் 7 மணி நேரமாவது நனைந்திருந்தால்தான் உள்ளே இறங்க முடியும். அதனால்தான் கீழ் இலையில் ஆரம்பிக்கிறது. ஓரம் சிதைந்த கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், பிறகு இலை உதிரும்.

சாம்பல் நோய் (போடோஸ்பேரா பன்னோசா) காற்றுப் பூஞ்சை. இலைமேல் தண்ணீர் நின்றால் அதன் வித்து சரியாக முளைக்காது. இரவில் ஈரக்காற்று, பகலில் வறட்சி, காற்றோட்டம் இல்லாத மூலை: இதுதான் அதற்குச் சொர்க்கம். பிடிப்பது கொழுந்தையும் மொட்டுக் காம்பையும். முற்றிய இலையை அவ்வளவாகத் தொடாது.

இப்போது பாருங்கள்: இலையில் தண்ணீர் படக்கூடாது என்று ஒருவர் சொல்வார், குழாயால் அடித்துக் கழுவு என்று இன்னொருவர் சொல்வார். ஒருவர் தோட்டத்தில் கரும்புள்ளி, இன்னொருவர் தோட்டத்தில் சாம்பல். நான் விடிந்ததும் கழுவுகிறேன், வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும், 7 மணி நேரக் கணக்குக்குள் வராது. செம்பேனும் போய்விடும். மாலையில் இலையை நனைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மார்ச் 3

ஆமாம், துருநோயை விட்டுவிட்டேன். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி. கண்டதும் அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். என்னை அது அதிகம் படுத்தவில்லை, அதனால் பெரிய அனுபவம் கிடையாது.

மார்ச் 21

"வெறும் பேர் சொல்லுங்கள், கதை வேண்டாம்." சரி.

குளிர்ச்சியான இடம், சுண்ணாம்பு இல்லாத மண் என்றால் ருகோசா: 'ஹன்சா', வெள்ளையில் 'பிளான் டூப்ள் து கூபேர்' (1892). கார மண்ணில் இவை மஞ்சளித்துப்போகும். வெப்பத்திலும் சோர்ந்துவிடும், கிழக்காசியக் குளிர் கடற்கரைகளின் செடி அல்லவா. நல்ல சூடான இடத்தில் பழைய தேயிலை ரோஜாக்களும் சீன ரோஜாக்களும்தான் இலையோடு நிற்கும். மணம் மெல்லியது, உலர்ந்த தேயிலைப் பெட்டியைத் திறந்த மாதிரி. இடைப்பட்ட இடங்களுக்கு மெய்யான் பண்ணையின் 'எல்ப்ஃபுளோரென்ஸ்', கோர்டெஸ் பண்ணையின் 'பெவர்லி', மேலே சண்டை போட்ட 'ஜூலியா சைல்டு'. பழையதில் 'ரோஸ் து ரெஷ்ட்', டமாஸ்க் மணம், சின்னச் செடி, திரும்பத் திரும்பப் பூக்கும்.

'டபுள் டிலைட்' (1977) இந்த வரிசையில் இல்லை என்று திட்ட வருபவர்களுக்கு: மணத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் கேட்டவர் மருந்தடிக்காமல் என்றார்.

மார்ச் 22

நேற்று எழுதிய வரிசையைப் படமெடுத்து அனுப்பிக்கொள்கிறார்கள் போல. அதற்குள் ஒரு எச்சரிக்கை.

கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. ஓர் இனத்தைத் தடுக்கிற செடி இன்னோர் இனத்திடம் தோற்கும். மல்டிஃபுளோரா காட்டு ரோஜாவிலிருந்து வந்த ஆர்டிஆர்-1 என்ற ஒற்றை மரபணு பல இனங்களை அடியோடு நிறுத்துகிறது, எல்லாவற்றையும் இல்லை. நண்பர் வீட்டில் வருடக்கணக்காக ஒரு புள்ளி இல்லாமல் நின்ற செடியிலிருந்து குச்சி வெட்டி வந்து வைத்தேன். அதே செடி, அதே மரபு. என்னிடம் முதல் மழையிலேயே கழன்றுவிட்டது. இங்கே உலாவுகிற பூஞ்சை வேறு, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்று ஒரு சோதனை நடக்கிறது. பல இடங்களில் நட்டு, மூன்று வருடம் பார்த்து, 1997இலிருந்து எந்தப் பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் இல்லாமல் மதிப்பிடுகிறார்கள். மணத்துக்கும் மதிப்பு உண்டு. எனக்கு அதில் பிடித்தது, கொடுத்த பட்டத்தைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். பூஞ்சை மாறும், செடி மாறாது என்பதை ஒப்புக்கொண்ட அமைப்பு. அட்டையில் 'நோய் எதிர்ப்பு' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அங்கே பட்டம் வாங்கியது என்றால் கொஞ்சம் நம்புவேன். அதற்குமேல் நம்புவது, என் தெருவில் மருந்தடிக்காமல் நிற்கிற செடியை.

ஏப்ரல் 14

செடியை எப்போது பார்த்து வாங்குவது என்ற கேள்வி நல்ல கேள்வி. எல்லோரும் பூக்கிற பருவத்தில் போய்ப் பூவைப் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். மழை ஓய்ந்து சில வாரம் கழித்துப் போங்கள், செடி தன் மோசமான நிலையில் இருக்கும்போது. நிலத்தில் வேர்விட்டு நிற்கிற பழைய செடியாகப் பாருங்கள், தொட்டியில் நேற்று வந்து இறங்கியது வேண்டாம். குனிந்து கீழே முழங்கால் உயரத்துக்கு இலை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தடித்தீர்களா என்று கேளுங்கள். அப்புறம் முகருங்கள். இந்த வரிசையை மாற்றினால் மூக்கு ஜெயித்துவிடும்.

மே 5

நடுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக: ஆறு மணி நேர வெயில், முடிந்தால் காலை வெயில், ஏனென்றால் பனி சீக்கிரம் காயும். மண்ணின் பிஎச் 6 முதல் 6.5. மக்கிய தொழுவுரம். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் கொழகொழவென்று கொழுந்து வரும், சாம்பல் நோயும் அசுவினியும் விருந்துக்கு வரும். ரோஜா செத்த குழியிலேயே புது ரோஜா வைத்தால் பெரும்பாலும் தேறாது. வேறு இடம், அல்லது நன்றாக ஆழத் தோண்டி மண்ணை மாற்றுங்கள்.

கவாத்தில் நடுவைத் திறந்து விடுங்கள், காற்று குறுக்கே போகவேண்டும். உதிர்ந்த இலையை ஒன்றுவிடாமல் பொறுக்கிய பிறகுதான் மூடாக்கு. ஒரு சாண் தேவையில்லை, நாலு விரல் கனம் போதும். மண்ணிலிருந்து தெறிப்பதை அது தடுக்கிறது. என் தோட்டத்தில் மருந்தைவிட இந்த ஒரு வேலை அதிகம் சாதித்தது என்று சத்தியம் செய்வேன்.

மே 6

ஒட்டுச்செடியா, சொந்த வேர்ச்செடியா? முடிந்தால் சொந்த வேர். ஒட்டுச்செடி வேகமாக வரும், உண்மை. ஆனால் கீழிருந்து போத்து கிளம்பினால் ஒரு நாள் பார்த்தால் நீங்கள் வாங்கிய ரோஜா இருக்காது, வேர்ச்செடி மட்டும் கொழிக்கும். ஏழு சிற்றிலை இருந்தால் போத்து என்பதை நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் வெட்டாதீர்கள், பிய்த்து எடுங்கள்.

ஜூலை 11

மழை. கரும்புள்ளியும். தனிச்செய்தியில் "மருந்து மருந்து" என்று கேட்பவர்களுக்கு ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. வெள்ளம் வருமுன் அணை போடுகிற வேலைதான் எல்லா மருந்துக்கும். கந்தகம் இரண்டு நோய்க்கும் காப்பு. 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும், எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. பொட்டாசியம் பைகார்பனேட் சாம்பல் நோய்க்குப் பரவாயில்லை, கரும்புள்ளியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சமையல் சோடாவில் இருப்பது சோடியம், அடிக்கடி தெளித்தால் மண்ணில் சேரும். பால் தெளிப்பதை நையாண்டி செய்யாதீர்கள். பிரேசிலில் சீமைச் சுரைச் செடியின் சாம்பல் நோய்க்குச் சோதித்து 1999இல் நல்ல பலன் சொல்லியிருக்கிறார்கள். அது சாம்பல் நோய். கரும்புள்ளிக்கு அதை நீட்டாதீர்கள்.

ருகோசாவில் எதையும் அடிக்காதீர்கள். அந்தச் சுருங்கிய இலை மருந்துக்கே கருகும்.

வேப்பெண்ணெய் நானும் அடித்ததுண்டு. மணத்துக்காக ரோஜா வைத்துவிட்டு வாரம் முழுக்க வேப்பெண்ணெய் வாசனையில் நின்றேன். விருந்தாளி முகர்ந்துவிட்டு மரியாதைக்காக "நல்ல வாசனை" என்றார்.

ஆகஸ்ட் 2

இத்தனை நாள் 'நோய் எதிர்ப்பு' என்று ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். மழையில் செடிகளைப் பார்க்கப் பார்க்க இரண்டாகப் பிரிக்கத் தோன்றுகிறது. நோயை உள்ளே விடாத செடி ஒன்று. நோய் வந்து இலை கொட்டியும் அடுத்த துளிரைத் தள்ளிவிட்டுப் பூக்கிற செடி ஒன்று. இரண்டாவது வகை கண்ணுக்கு அழகில்லை, பட்டியலிலும் வராது. எனக்கு அதுதான் மேல் என்று இப்போது படுகிறது. என்னிடம் இருக்கும் பழைய இளஞ்சிவப்பு ஒன்று ஒவ்வொரு மழைக்கும் பாதி மொட்டையாகும், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து மணக்கும். புள்ளியே வராத பக்கத்துச் செடி வருடம் முழுக்கப் பச்சையாக நின்று, நினைத்தால் பூக்கும்.

கேட்டவர் 'வெறும் குச்சியாக நிற்கிறது' என்றுதான் புகார் சொன்னார். எவ்வளவு நாள் மொட்டையாக நிற்கிறது என்று பாருங்கள். மூன்று வாரத்தில் துளிர்த்தால் அந்தச் செடியைத் தூக்கி எறியாதீர்கள்.

ஆகஸ்ட் 4

"அப்போ மார்ச் 21 வரிசை வீணா?" வீணில்லை. கீழ் இலை கொட்டி நிற்கிற செடிக்கு முன்னால் சாமந்தி மாதிரி எதையாவது வைத்து அதன் வெறும் தண்டை மறையுங்கள். காற்று போகிற இடைவெளி விட்டு.

செப்டம்பர் 18

விதையிலிருந்து சொந்த ரகம் உண்டாக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஆனால் ருகோசாவை ஒரு நவீன மணரோஜாவோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ருகோசா இருமடியம் (மரபுத்திரிகள், அதாவது குரோமோசோம்கள், இரண்டு தொகுதி), நவீன ரோஜாக்களில் பெரும்பாலானவை நான்மடியம் (நான்கு தொகுதி). பிள்ளை மும்மடியமாகும் (மூன்று தொகுதி), பெரும்பாலும் மலடு.

இந்தச் சுவரை ஜெர்மன் ரோஜாக்காரர் கோர்டெஸ் தாண்டிய கதை எனக்குப் பிடிக்கும். 'மேக்ஸ் கிராஃப்' என்ற தரைபடர் ரோஜா 1919இல் வந்தது. ருகோசாவும் விச்சுரானா என்ற இன்னொரு காட்டு ரோஜாவும் கலந்தது, கிட்டத்தட்ட மலடு. வில்ஹெல்ம் கோர்டெஸ் விடாமல் விதைக்காகக் காத்திருந்தார். கிடைத்த சொற்ப விதையில் ஒரு நாற்று தானாகவே மரபுத்திரிகளை இரட்டித்துக்கொண்டு நான்மடியமாக வந்து நின்றது. அதற்கு ரோசா கோர்டெசி என்று பேர். இன்று இலை நன்றாக இருக்கும் படர்ரோஜாக்கள் பலவற்றின் பாட்டி அது. அந்த விபத்து இல்லாவிட்டால் ருகோசாவின் இலை நவீன ரோஜாவுக்குள் வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

விளையாட்டாகச் செய்யப் போகிறவர்கள்: பழம் நிறம் மாறியதும் பறித்து, விதையை ஈரமான மணலில் வைத்து, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இரண்டு மூன்று மாதம். திரும்பத் திரும்பப் பூக்கும் வம்சம் என்றால் முளைத்துச் சில வாரத்திலேயே கட்டைவிரல் அளவு பூ வரும்.

நவம்பர் 27

விதை என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். போன பருவத்துப் பழத்திலிருந்து போட்டவை முளைத்தன. பெரும்பாலானவை இரண்டாம் இலையிலேயே சாம்பல் பூசிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. ஒன்று சுத்தமான இலை, ஐந்திதழ்ப் பூ, மணம் சுத்தமாக இல்லை. இன்னொன்று நல்ல மணம், இலை பரிதாபம். உறவினருக்குக் காட்டாதீர்கள்.

இரண்டையும் பெரிதாக்கி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கப் போகிறேன். தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம், 40 செமீ அகலமும் ஆழமும் குறையாமல் இருக்கட்டும், தண்ணீர் வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.